பிணை நின்ற பெருவிரல்

கண்ணுக்குள் விடுகிற தாய்ப்பால் முதலில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பிறகு இமையோரத்தில் பிசுபிசுக்கும், காய்ந்ததும் தோலைப் பிடித்து இழுக்கும், அந்த இழுவை மாறுவதற்குள் அடுத்த நேரத்துப் பால் வந்துவிடும். பத்து வயதில், வட்டக்கச்சியில், எங்கள் வீட்டு விறாந்தைப் பாயில் மல்லாந்து கிடந்து நான் தெரிந்துகொண்ட சங்கதி இது. பால் அயல்வீட்டு லெட்சுமி அக்காவினுடையது. காலையும் மாலையும் கைக்குழந்தையை இடுப்பில் இருத்திக்கொண்டு எங்கள் படலையைத் திறந்து வருவார், குழந்தையை என் காலடியில் கிடத்துவார், "கண்ண நல்லா முழிச்சுக்க புள்ள" என்று சொல்லிக் குனிவார்.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. தாண்டிக்குளத்துக்கு அங்கால் வவுனியா ரவுண் ஆமியின் கையில், இங்கால் வன்னி இயக்கத்தின் கையில், நடுவில் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு "றோட்டு". மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், மருந்து எல்லாம் ரவுணிலிருந்து அளந்துதான் வரும், பல வேளை வரவே வராது. டீசல் இல்லாமல் ஊர் உழவு இயந்திரங்களில் கோழிகள் முட்டையிட, சூடடிக்க மறுபடி மாடுகள் வந்திருந்தன. பிள்ளைகளான எங்களுக்கு அது பெரிய புழுகம், ஒரே கொண்டாட்டம். மாடு மிதித்த நெல்லைக் காற்றில் தூற்றும்போது, "பதர் பறக்கிற பக்கம் நிக்காதை" என்று அம்மா தொண்டை கிழியக் கத்தியும் கேளாமல் ஓடித் திரிந்ததில், ஒரு நெல்லுக் கூர் என் வலது கண்ணுக்குள் புகுந்துகொண்டது. குற்றம் முழுக்க என்னுடையது, ஆனால் காற்றில்தான் பழியைப் போட்டேன்.

எங்கள் குடும்பம் குளத்துக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியது. லெட்சுமி அக்காவின் ஆட்கள் மலையகத்தில் அடிவாங்கி, தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, வாய்க்கால் கரையில் கொட்டில் போட்டவர்கள். எங்கள் வயலில் களை பிடுங்கியதும் அரிவி வெட்டியதும் அவர்கள்தான். அம்மா அவர்களைத் "தோட்டக்காட்டார்" என்பார். திட்டிச் சொல்வதுகூட இல்லை, கிழமையின் பெயரைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். லெட்சுமி அக்காவின் வாசலில் எத்தனையோ தரம் நின்று கதைத்திருக்கிறார், உள்ளே போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. "தேத்தண்ணி ஊத்தவாக்கா?" என்று அவர் கேட்டால், "இப்பதான் குடிச்சிட்டு வாறன் லெட்சுமி" என்பார். எந்த நேரம் கேட்டாலும் அம்மா அப்போதுதான் குடித்திருப்பார். அப்படிப்பட்டவருக்கு, மகளின் கண்ணுக்கு அதே பெண்ணின் பாலைக் கேட்டு வாங்குவதில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் ஆட்களின் ஆசாரம் அந்த மட்டில்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் கண் இரத்தமாகச் சிவந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி, ஊரில் 'பூ' என்று சொல்வது, தெரிந்தது. அப்பா நான் தவழும் காலத்திலேயே மலேரியாவில் போய்விட்டார், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா என்னைச் சைக்கிளில் ஏற்றினார், லெட்சுமி அக்காவும் குழந்தையோடு பின்னால் நடந்து வந்தார். எங்கள் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி ஐயா ரோர்ச் லைட் அடித்துப் பார்த்தார்.

"என்னத்தை விட்டனீங்கள் இதுக்குள்ள?"

"தாய்ப்பால், ஐயா."

"உங்களுக்கு மூளை கீளை இருக்கோ? கண்ணுக்குள்ள புண் பழுத்திருக்கு. ஆர் விடச் சொன்னது?"

அம்மா திரும்பி லெட்சுமி அக்காவைக் காட்டினார். "இவள்தான் விட்டவள்" என்றார்.

விடச் சொல்லி அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டது அம்மா. அது எங்கள் மூவருக்கும் தெரியும். லெட்சுமி அக்கா குழந்தையின் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார். மூடாத மற்றக் கண்ணால் நான் அதைப் பார்த்தேன். என் அம்மாவை நினைத்து வெட்கப்பட்ட முதல் நாள் அதுதான்.

"இஞ்சை மருந்தில்லை. வவுனியாவுக்குக் கொண்டு போங்கோ. பிந்தினால் கண் போயிடும்" என்று அப்போதிக்கரி துண்டு எழுதித் தந்தார்.

வவுனியாவுக்குப் போவதென்றால் இயக்கத்தின் "பாஸ்" வேண்டும். எங்களைப் போல வீட்டோடு முழுவதுமாகப் புறப்படுகிறவர்களுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர்கள் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும், பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கும் பாஸ் கிடையாது. அம்மா இனசனத்தின் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கினார். பெரியப்பாவுக்கு அன்றைக்கென்று இடுப்பு நோவு வந்தது. சின்னம்மா, "அவர் வரட்டும், கேட்டுச் சொல்லுறன்" என்றார், சித்தப்பாவோ பின்வளவில் விறகு கொத்திக்கொண்டிருந்தார், கொத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர்களைக் குறை சொல்லவும் வராது. இளம் விதவை, ஒரே பிள்ளை, கொழும்பில் ஒரு தமையன், இவள் ஏன் திரும்பி வரப்போகிறாள் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

பொழுதுபட அம்மா குசினி வாசலில் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தபோது லெட்சுமி அக்கா வந்தார்.

"நான் நிக்கிறேன்கா பிணைக்கு."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு விளங்குதோ லெட்சுமி? நாங்கள் வராட்டி நீ கொப்பரைப் போய்ப் பாக்கேலாது."

அவருடைய தகப்பன் வவுனியாப் பக்கம் மூத்த மகளோடு இருந்தார். இளைப்பு நோயாளி, பேரப்பிள்ளையை இன்னும் கண்டதில்லை. லெட்சுமி அக்காவே அடுத்த மாதம் பாஸ் கேட்க இருந்தவர்.

"வெளங்குது. நீங்க வந்துருவீங்கதானே" என்றார்.

அடுத்த நாள் பாஸ் கொடுக்கிற இடத்தில் அவர், எழுதத் தெரியாததால், பெருவிரலில் ஊதா மை பூசிக் கடதாசியில் அழுத்தினார். பதினான்கு நாள் பாஸ். மை விரலைச் சேலையில் துடைக்காமல் தூக்கிப் பிடித்தபடியே வீடு வரைக்கும் நடந்து வந்தது நினைவிருக்கிறது. அந்தச் சேலை அவருக்கு நல்ல சேலை.

மண்ணெண்ணெயில் ஓடிய லொறியில் ஓமந்தை வரைக்கும், பிறகு சைக்கிள் கரியரில், பிறகு நடை. நடந்த துண்டில் றோட்டுக் கரையெல்லாம் பற்றை மண்டிக் கிடந்தது, பேசுவதற்கு ஒருவரும் துணியவில்லை, சைக்கிள் செயின்களின் சத்தம் மட்டும் கேட்டது. அங்கால் கண் டொக்டர் சிங்களவர். அவருக்குத் தெரிந்த தமிழ் "பயம் இல்ல பாப்பா" என்ற மூன்று சொற்கள்தான், அதைத் தினமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். மணிக்கு ஒருதரம் மருந்து. எட்டாம் நாள் கண்கட்டை முழுதாக அவிழ்த்தபோது சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அந்த டொக்டரை இன்றைக்கும் நான் கும்பிடுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் கொழும்பிலிருந்து மாமா வந்தார். கைநிறைய அப்பிளும், எனக்கொரு சப்பாத்தும். "பள்ளிக்கூடம் பாத்து வைச்சிட்டன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. அந்தக் காட்டுக்குள்ள, குண்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவில ஆர் இருக்கினம் உனக்கு?"

"லெட்சுமி பிணை நிக்கிறாள் அண்ணை."

"ஒரு தோட்டக்காட்டாளுக்காகவோ?"

அம்மா கையிலிருந்த அப்பிளைக் கட்டிலில் வைத்தார். "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை" என்றார். தன் வாயால் ஆயிரம் தரம் சொன்ன சொல் அது.

பதினான்காம் நாள் திரும்பினோம். டொக்டர் தந்த இரண்டு போத்தல் மருந்தில் ஒன்றைச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். என் கண்ணைப் பார்த்துவிட்டு மற்றதைக் கொண்டுபோக விட்ட ஆமிக்காரனுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். வட்டக்கச்சியில் அம்மா எங்கள் படலையைத் தாண்டி நேரே வாய்க்கால் கரைக்கு நடந்தார். லெட்சுமி அக்காவின் கொட்டிலுக்குள் குனிந்து போய், தரையில் சப்பாணி கட்டி இருந்து, "ஒரு தேத்தண்ணி ஊத்து லெட்சுமி" என்றார். சீனி இல்லாத காலம், பனங்கட்டித் துண்டு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைக்க, அதைக் கடித்துக் கடித்து அம்மா பேணி முழுவதையும் குடித்தார். குடிக்கும்போதே அழுதார். "அண்டைக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது பிழை" என்றார்.

"அத விடுங்கக்கா" என்று லெட்சுமி அக்கா என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "பூ இன்னும் கெடக்கே."

"கரையும் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார் அம்மா.

அடுத்த கிழமையே லெட்சுமி அக்கா பாஸ் எடுத்துக் குழந்தையோடு போனார். தகப்பன் பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் இருந்தாராம். அந்த ஆவணியில் அவர் காலமானார்.

எனக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பூ இருக்கிறதென்று இழுத்தார்கள். அன்றைக்குத்தான் அம்மா வாய் திறந்தார். டொக்டர் கரையும் என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு கிழமை நின்று மருந்து விட்டால் கரையும், இப்போது போனால் பூ நிலைத்துவிடும் என்றுதான் தமிழ் நேர்ஸ் மூலம் சொன்னாராம். "உன்ரை கண்ணை நான்தான் பழுதாக்கினனான்" என்று அம்மா விம்மினார். அந்தப் பூவால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை, சன்னல் கம்பி எண்ணுகிற கண் இருக்கிறது, பூவைப் பொருட்படுத்தாத மனிதர் ஒருவர் கிடைப்பார் என்று சொல்லித் தேற்றினேன், பிறகு கிடைக்கவும் செய்தார். உண்மையில் தேறுதலுக்காகச் சொன்னதும் இல்லை. என் அம்மா வெட்கப்பட வைத்த நாளும், தலைநிமிர வைத்த நாளும் ஒரே மாதத்துக்குள் வந்தன என்பதற்கு என்னிடமுள்ள ஒரே அத்தாட்சி அந்தப் பூதான்.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். அம்மா இல்லை. நாங்கள் மூச்சைப் பிடித்து நடந்த துண்டு றோட்டைப் பஸ் சில நிமிடங்களில் தாண்டுகிறது. மண்மூடை இல்லை, பாஸ் இல்லை, பிணையென்றால் இளம் பிள்ளைகள் வங்கிக் கடன் என்று நினைக்கிறார்கள். அந்தப் பஸ்களில் ஒன்றை ஓட்டுவது என் காலடியில் கிடந்த குழந்தை. போன மாதம் அவனுடைய பஸ்ஸில்தான் வட்டக்கச்சிக்குப் போனேன்.

லெட்சுமி அக்காவுக்குச் சீனி வருத்தம், பார்வை மங்கிவிட்டது. முப்பது வருடமாகக் காணும்போதெல்லாம் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். "பூ கரைஞ்சிருச்சா புள்ள?" இதுவரை நான், "கொஞ்சம் கொஞ்சமாய்க் கரையுது அக்கா" என்று சொல்லி வந்திருக்கிறேன், அவரும் பார்த்துத் தலையாட்டுவார். இம்முறை என் இமையைப் பெருவிரலால் தடவியபடி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்.

"என் பாலாலதானே அது விழுந்துச்சு. மனசு கேக்கல புள்ள."

அவருக்குத் தெரியக் கூடாதென்று அம்மா மறைத்த இரண்டு கிழமையை, இந்த மனுசி தன் பாலின் குற்றமாக இத்தனை வருடம் சுமந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் பாலுக்குப் பதிலாகத் தன் பிணையைச் சுமப்பார்.

"முழுக்கக் கரைஞ்சிட்டுது அக்கா" என்றேன்.

அவர் என் கண்ணுக்கு மிக அருகில் குனிந்து, அந்த நாளில் பால் விடக் குனிந்ததைப்போலவே குனிந்து, நெடுநேரம் பார்த்தார். "ஆமா" என்றார். "ஒண்ணுமே தெரியல."