கிரில்லுக்கு வெளியே

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில், நான்காவது மாடியில், பக்கிரிசாமியும் அவர் மனைவி சீதாலெட்சுமியும் மட்டும்தான். முப்பது வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டியவர், எழுபது வயதுக்குமேல் மனைவிக்குத் தலைவாரிப் பின்னிவிடக் கற்றுக்கொண்டார். அவளுக்கு மறதி நோய் வந்து நான்கு வருடமாகிறது. ரவாங்கிலிருக்கும் மகள் மாதவி பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவருக்குக் கோபம் வரும்.

"அம்மாவ எவங்கிட்டயோ விட்டுட்டு நான் இங்க என்ன பண்ணப்போறேன்? நானே பாத்துக்குறேன்."

ஒரு புதன்கிழமை காலை குப்பையைப் போடக் கீழே இறங்கினார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால் கிரில் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. சாவி சீதாலெட்சுமியின் கையில். அவளுக்குப் பின்னால், சமையலறையிலிருந்து புகை.

"சீதா, கதவத் தொற! அடுப்புல என்ன வச்ச?"

"யாருய்யா நீ? போலீஸக் கூப்பிடுவேன்!"

எண்ணெய் காந்தும் வாடை அடித்தது. அவர் கம்பியைப் பிடித்து உலுக்கினார். அவள் இன்னும் பின்னால் போனாள். பக்கத்து வீட்டுப் புனிதா ஓடி வந்தாள்.

"ஆன்டி, நான் புனிதா லா. சாவியக் குடுங்க."

"எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரு. அவர் சொல்லாம யாருக்கும் தொறக்கமாட்டேன்."

புனிதா தீயணைப்புப் படைக்குப் போன் போட்டாள். பக்கிரிசாமி கம்பியிலிருந்து கையை எடுத்தார். ஓரடி தள்ளி நின்று குரலைத் தணித்தார்.

"அக்கா, நான் ஒர்க்‌ஷாப்லருந்து வரேன். உங்க வீட்டுக்காரர்தான் அனுப்புனாரு. பூட்டு சரியில்லையாம், பாத்துட்டு வரச் சொன்னாரு."

"அவர் பேரு என்ன?"

"பக்கிரிசாமி."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். புகை கூடம்வரை வந்துவிட்டது. ஒருவழியாகக் கம்பி வழியே சாவியை நீட்டினாள். அவர் கம்பிக்குள் கையை விட்டுப் பூட்டைத் திறந்தார். உள்ளே ஓடினார். வாணலி எரிந்துகொண்டிருந்தது. கேஸை மூடி, ஈரத்துண்டைப் போர்த்தி அமுக்கினார். அவர் கை முழங்கைவரை வெந்துபோனது.

சீதாலெட்சுமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "பாவம் தம்பி, எங்க வீட்டுக்காரர் வந்ததும் சொல்றேன்."

அவர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு மாதவிக்குப் போன் செய்தார். "அந்த எடத்துல கேட்டுப் பாரும்மா."

அடுத்த திங்கட்கிழமை நிலையத்தில் விட்டபோது, தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். விழித்தபோது மணி ஐந்தரை. ஐந்துக்கே கூட்டிவந்திருக்க வேண்டும். பதறிக்கொண்டு ஓடினார்.

அவள் வாசல் பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இவ்ளோ லேட்டாவா வர்றது?"

தன்னை யாரென்று நினைத்துத் திட்டுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டார்.