பள்ளத்துச் சோபா

போன செவ்வாய்க்கிழமை சோபாவைத் தூக்க வந்தவர்கள்: என் வீட்டுக்காரர். மைதீன் அண்ணன், ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரை விட்டவர், இப்போது குதிரையும் இல்லை, முட்டியும் இல்லை. நான். அப்புறம் ஹோம்ஸ்டே முதலாளி. அவர் தூக்கவில்லை. போனில் படம் எடுத்தார்.

சோபா கிடந்த, எங்கள் கீழ் வீட்டுப் பெருமாள் அண்ணன் வீட்டை அவர்தான் வாங்கியிருக்கிறார். பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததும் ஈரக் குதிரை வாடை. முதலாளி மூக்கைப் பொத்தினார். எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எங்கள் பள்ளம் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே. மேலே வேலை, கீழே தூக்கம். பங்களாவில் சமைத்தவர்கள், குதிரை பிடித்தவர்கள், சிலோனிலிருந்து திரும்பியவர்கள், பள்ளங்கி கிராமத்திலிருந்து கேரட் மூட்டை ஏற்ற வந்தவர்கள். மேலே வாடகை கொடுக்க முடியாதவர்கள் சரிவில் இறங்கிக்கொண்டே வந்து, ஓடை குறுக்கே வந்ததும் நின்றுவிட்டார்கள். அதுதான் ஊர் வரலாறு. வேறு இல்லை.

அப்பா சமைத்த பங்களாவின் வெள்ளைக்கார அம்மா ஊருக்குப் போகும்போது சோபாவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே குதிரைமுடி அடைத்தது. அதை எங்கள் வீட்டில் போட்டால் நாங்கள் வெளியே படுக்க வேண்டும். அதனால் பள்ளத்துக்கே பொதுவாகிவிட்டது. எந்த வீட்டுக்கு விருந்தாள் வருகிறார்களோ அந்த வீட்டுக்குச் சோபா போகும். கேட்கவே வேண்டாம். மேல் வளைவில் புது முகம் தெரிந்தால் நாலு ஆம்பளைகள் வந்துவிடுவார்கள்.

என்னைப் பெண் பார்க்க ஆயக்குடியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமா. கையில் ஒரு கூடை கொய்யா. அதற்கு முன் வந்த இரண்டு இடமும் சரிவைப் பார்த்துப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டன. அப்பா சொல்லிவிட்டார்: "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி ஒருத்தனும் எறங்கி வரமாட்டான்."

எனக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வழியில் வழுக்கி விழுந்து, முதுகெல்லாம் சேற்றோடு வந்து, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தார்.

சோபாவில் மூவரும் காப்பி குடித்தார்கள். எல்லாம் நல்லபடி. தாய்மாமா எழுந்தார்.

"அக்கம்பக்கத்துல ரெண்டு வீட்டுல ஒரு வார்த்த விசாரிச்சுட்டு வந்துர்றோம். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

தப்பே இல்லை. கீழ் வீட்டுப் பெருமாள் அண்ணனைப் பார்க்கக் கிளம்பினார்கள். பள்ளத்துக்குத் தெரிந்தது ஒரே வழக்கம்: பெருமாள் வீட்டுக்கு விருந்தாள். நாலு பேர் சோபாவைப் பின்வாசல் வழியே தூக்கிக்கொண்டு நேர் சரிவில் ஓடினார்கள். போவது அதே ஆட்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மேகம் வேறு இறங்கியிருந்தது. விருந்தாளிகள் பாதையைத் தடவித் தடவிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது சோபா அங்கே காத்திருந்தது.

மாமா உட்கார்ந்தார். உடனே எழுந்து தொட்டுப் பார்த்தார்.

"என்னங்க, சூடா இருக்கு?"

"பூன படுத்திருந்துச்சுங்க," என்றார் பெருமாள் அண்ணன்.

"பொண்ணு வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு..."

"இங்க எல்லா வீட்டுலயும் இதுதானுங்க."

அது பொய்யும் இல்லை.

அடுத்தது மைதீன் அண்ணன் வீடு. மறுபடி ஓட்டம். அந்த அவசரத்தில் சோபாவின் ஒரு திண்டு எங்கள் பின்வாசல் பக்கம் விழுந்துவிட்டது. அங்கே நின்ற நான்தான் பார்த்தேன். திண்டு இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் கம்பி குத்தும். மாப்பிள்ளையின் அம்மா உட்காரும் பக்கம் அது. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகி, திண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மைதீன் அண்ணன் வீட்டில் உட்காரப் போன அந்த அம்மா, குனிந்து சோபா இடுக்கிலிருந்து எதையோ உருவினார். அவருடைய வெற்றிலைச் சுருக்குப்பை. எங்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போது பக்கத்தில் வைத்தது.

"இது என் பையில்ல?"

மைதீன் அண்ணன் கூரையைப் பார்த்தார். பின்வாசலில் நாலு பேர் மூச்சு வாங்குவது உள்ளே கேட்டது. அந்த நேரம் பார்த்து முன்வாசலில் நான், திண்டோடு.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, சோபாதான் வீடு வீடா வருதுன்னா, பொண்ணுமா?"

எனக்குப் பேச்சு எப்போதும் குறைவு. "கம்பி குத்தும்ங்க," என்றேன். திண்டைப் போட்டேன்.

அவர் உட்கார்ந்தார். பையைப் பிரித்து நிதானமாக வெற்றிலை மடித்தார். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை தன் காலைப் பார்த்தார். வெற்றிலை மெல்ல அவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் தாய்மாமாவிடம் சொன்னார்: "தம்பி, நம்ம தெருவுல ஒரு அண்டாவுக்குக் கை புடிக்க ஆளு வரமாட்டேங்கிறான். இங்க நாலு தடிமாடு ஓடுது. வெரசா பூ வச்சிரு."

கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் மேலே காய்கறிக் கடை போட்டுப் பள்ளத்திலேயே தங்கிவிட்டார். சோபா தூக்க ஐந்தாவது ஆள்.

அப்புறம் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அப்புறம் வீடுகளே விலைக்குப் போயின. சோபா கடைசியாகப் போனது பெருமாள் அண்ணன் காரியத்துக்கு. அதற்கப்புறம் எடுத்துப்போக யாரும் வரவில்லை. பள்ளத்துக்கு இப்போது தினமும் விருந்தாளிகள் வருகிறார்கள். யார் வீட்டுக்கும் வருவதில்லை.

முதலாளி சோபாவை மேலே ரிசப்ஷனில் போட வேண்டும் என்றார். நாங்கள் தூக்கிப் பார்த்தோம். ஒரு கால்கூடத் தரையை விட்டு எழவில்லை. என் வீட்டுக்காரர் வெளியே போய், வாயில் கை குவித்து, தூக்க ஆள் கூப்பிட்டார். காய்ந்துகொண்டிருந்த ஹோம்ஸ்டே படுக்கை விரிப்புகள் ஆடின. காத்திருந்தோம்.

முதலாளி போனை இறக்கினார். "பழைய ஆளுங்க மொத்தம் எத்தன பேரும்மா இருக்கீங்க?"

எண்ணிச் சொன்னேன்.

மூன்று.