ஃபிளாஷ் அடித்த பிறகு

என் நாத்தனாருக்குத் தலை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், அவளுக்கு வைத்த பெயர் தலையாட்டி. "எதக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவா, பாவம்" என்று எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். இருட்டறையில் பிலிம் கழுவிக்கொண்டே அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளைப் பெண் கேட்டு வந்த அம்மாளுக்கு அது பெரிதாகப் படவில்லை. "தலை ஆடினா ஆடட்டும், குடித்தனம் ஆடாம இருந்தா சரி" என்றாள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். போட்டோவைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வானாம்.

அன்று சாப்பிடும்போது இவர் என்னிடம், "அவ போயிட்டா பிலிம் கழுவ யாரு, நீயா?" என்றார்.

கல்யாண மண்டபங்களில் இவர் ஷட்டரை மெதுவாக வைப்பார். அப்போதுதான் பின்னால் எரியும் விளக்குகளும் படத்தில் விழும். ஃபிளாஷ் ஒரு நொடிக்குள் முகத்தைப் பிடித்துவிடும், ஷட்டர் அதன் பிறகும் திறந்திருக்கும். வெளிச்சம் அடித்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் அசைந்துவிடுவார்கள். முகத்தின் மேல் இன்னொரு முகம் புகைபோலப் படிந்துவிடும். "நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்று அதட்டுவார். ஸ்டுடியோவில் அந்தத் தொல்லை இல்லை. ஷட்டர் சட்டென்று மூடும், ஆடுகிற தலைகூட நின்றதுபோல விழும்.

நாத்தனார் பவுடர் போட்டு, மூச்சைப் பிடித்து உட்கார்ந்தாள். இவர் பக்கத்து விளக்கைப் போட்டார். கேமராவில் ஷட்டர் வேகத்துக்கான திருகைத் திருப்பினார்.

ஃபிளாஷ் அடித்தது. "போதும், எந்திரி!" என்றார். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவள் எழத் தொடங்கிய பிறகுதான் எடுத்தார். ஷட்டர் மூடும் சத்தம் அவளுக்கும் கேட்டது. பாதி எழுந்தபடியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, இன்னொண்ணு எடுண்ணா."

"பிலிம் என்ன மரத்துலயா காய்க்குது?"

அதையும் அவளே கழுவி, அவளே பிரிண்ட் போட்டாள். மருந்துத் தண்ணீரில் வாய் இழுபட்டு, கண்கள் கோடாக ஓடி, ரெட்டை முகம் எழும்பி வந்தது. இவர் ஈரம் காய்ந்ததும் உறையில் போட்டு அனுப்பினார்.

அந்த அம்மாள் போனில்தான் பேசினாள். "லேசாத்தான் ஆடும்னு நானும் எழுதியிருந்தேன். பையன் படத்தப் பாத்து மெரண்டுட்டான். வேற எடம் பாத்துக்குங்க."

இவர் போனை வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். "நான் என்னம்மா பண்றது? கேமராவுக்குப் பொய் சொல்லத் தெரியாதே."

அவள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து இவர் கதவைத் தட்டினார்.

"அழுது முடிச்சாச்சா? அந்தக் கல்யாண பிலிம் ரோலக் கழுவு. பொண்ணு வீட்டுல அவசரமா கேக்கறாங்க."

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.