உபாட் கிகி விற்ற மூன்று மாதம்

பல் விளக்கும் சாமான் விற்பவன் எவ்வளவு திட்டு வாங்கினாலும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வாங்க வேண்டும். பை தூக்கி வீடு வீடாக ஏறி இறங்கியவர்களே, உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, மூன்று மாதம் இருக்கும்போது மலாக்காவில் ஒரு பற்பசை ஏஜெண்டிடம் சேர்ந்தேன். அதுவரை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன் நான். ஏஜெண்டு ஒரு சைக்கிளும் ஒரு கெடுவும் கொடுத்தார். மெர்டேக்காவுக்குள் காஜா பேராங்கில் ராவுத்தர் கடையில் நம் சரக்கு ஏற வேண்டும். ஏறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் தோட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான். திரும்புவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். ஏஜெண்டு சிரித்தார். "நாட்டுக்கும் உனக்கும் ஒரே நாள்தான்பா கெடு."

வலிக்கு வாங்கியவர்

பற்பசைக்கு மலாயில் உபாட் கிகி என்று பெயர். பல் மருந்து என்று அர்த்தம். நானும் அப்படியே கூவிக்கொண்டு, மலாய் பேசும் செட்டிமார் வாழும் கம்போங் செட்டிக்குள் போனேன். கெபாயா சட்டை உடுத்திய ஒரு பீபிக் கூப்பிட்டார். அங்கே வயதான பெண்களுக்கு அதுதான் மரியாதைப் பெயர். என் தமிழ் அவருக்குப் புரியாது, அவர் மலாய் எனக்குப் பாதி புரியும். மறுபேச்சில்லாமல் ஒரு டியூப் வாங்கிக்கொண்டார். முதல் வீட்டிலேயே வியாபாரம் ஆனதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் அதே தெருவில் என் சைக்கிளை மறித்தார். கன்னம் வீங்கியிருந்தது. சொத்தைப் பல்லின் குழிக்குள் பசையை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். புதினா எண்ணெயின் குளிர்ச்சி கொஞ்ச நேரம் ஏமாற்றிவிட்டு, பிறகு வலி மண்டை வரை ஏறியிருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேச்சா என்கிற மூன்று சக்கர ரிக்‌ஷா ஒன்றைப் பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டேன். வண்டியில் உட்கார்ந்தபடி என் பையைப் பார்த்துச் சொன்னார்: "நாமா சாஜா உபாட்." பெயரில் மட்டும் மருந்து.

கொப்புளிக்கும் தண்ணீர்

எங்களிடம் வாய் கொப்புளிக்கும் மருந்தும் இருந்தது. கிராம்பு எண்ணெய், புதினா, கொஞ்சம் ஸ்பிரிட். உஜோங் பாசிரில் முனியாண்டி என்ற லாரி டிரைவருக்கு ஒரு புட்டி கொடுத்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு மூடி, காலையும் மாலையும் என்று கணக்காகச் சொன்னேன். துப்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அடுத்த வாரம் காலிப் புட்டியோடு நின்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். "வயித்துலதான் ஒரே காத்துண்ணே. மருந்துன்னு குடுத்தீங்க, முழுங்காம வேற என்ன பண்றது?"

பெயர் மாற்றம்

மறுநாளிலிருந்து மருந்து என்ற சொல்லையே விட்டுவிட்டேன். பசையில் இருப்பது சீமைச் சுண்ணாம்புத் தூள், சவுக்காரம், கிளிசரின், புதினா எண்ணெய். அழுக்கு போக்கத்தான் அது. ஆகவே 'சாபுன் கிகி', பல் சவுக்காரம், அதாவது பல் சோப்பு, என்று கூவினேன். சவுக்காரத்தை எவன் வாயில் வைப்பான் என்று ஏஜெண்டு குதித்தார். நான் மசியவில்லை. ஆனால் எனக்கு முன்னால் அந்தப் பெயர் ராவுத்தர் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் டியூபை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "சவுக்காரம்னா கொழுப்பு இருக்கும். எதோட கொழுப்பு தம்பி?"

தெரிந்ததும் தெரியாததும்

நியாயமான கேள்வி. பன்றிக் கொழுப்பாக இருந்தால் அவர் கடையில் வைக்க முடியாது. கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாம் கடிதத்துக்கு, அது தொழில் ரகசியம் என்று ஒரே வரி வந்தது. தேங்காய் எண்ணெய் என்று சொல்லித் தொலை, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றார் ஏஜெண்டு.

மெர்டேக்காவுக்கு மூன்று நாள் இருந்தது. தெருவெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் முன்னால் நின்றபோது தேங்காய் எண்ணெய் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பீபிக்கின் கன்னம் ஞாபகத்துக்கு வந்தது. தெரியாது பாய், மூன்று தடவை எழுதிக் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினேன்.

பைக்குள் இருந்த டின்னைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். பற்பொடி. சீமைச் சுண்ணாம்புத் தூள், உப்பு, கிராம்பு, கற்பூரம், வேறொன்றும் கிடையாது என்றேன். அதை மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறாய் என்றார். ஏஜெண்டு வீட்டுப் பின்கட்டில் அதை இடித்துச் சலித்து அடைப்பவன் நானேதான் என்றேன். ராவுத்தர் அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கினார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன். தெரிஞ்சதுல ரெண்டு டஜன் எறக்கு தம்பி."

வேலை நிரந்தரமாயிற்று, ஆனால் இன்றைக்கும் யாராவது உபாட் கிகி கேட்டால், வலிக்கா விளக்கவா என்று கேட்காமல் நான் பையைத் திறப்பதில்லை.