ரமணாவுக்கு நடிக்கத் தெரியாது

விஜயபுரத்து ரமணாவுக்கு நடிக்க மட்டும் வராது. திருப்பதியில் எங்கள் ஆபீஸிலோ நடிப்பும் வேலையில் சேர்த்தி. எந்த மெஷினையும் செய்வதற்கு முன்னால், அது சரிப்படுமா என்று பார்க்க ஒருவர் மெஷினாக உட்காருவார், இன்னொருவர் வாடிக்கையாளராக வருவார். பசியோடு வருகிறவராக நடிக்கச் சொன்னால் இந்த ஆள் காலையிலிருந்து பட்டினி கிடப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வாரம் ஒரு லாட்ஜுக்காக, முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின். எங்களோடு வேலை செய்யும் பிரியங்காதான் மெஷின். திரையில் வருவதைத் தவிர அவள் வேறெதுவும் பேசக் கூடாது. ரமணா பக்தர். போட்டோ எடுத்துக்கொண்டு, ரூமில் வைப்பதுபோல் பையை அவள் பின்னால் வைத்துவிட்டு, "மலைக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்புவார் என்று பார்த்தால், ஆளையே காணோம்.

மறுநாள் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து நின்றார். தாடி, மீசைகூட இல்லை.

"இன்னா ரமணாண்ணா, நெஜமாவே போய்ட்டீங்களா?" என்றேன்.

"பின்ன? இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான எறங்கி வராங்க."

பிரியங்கா போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷின் குரலில் சொன்னாள்: "முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்."

"முயல்றேம்மா," என்றார் ரமணா. "முடி வளரட்டும். அதுவரைக்கும் என் பையைப் பாத்துக்கினு இரு."