மாட்டுக் கொட்டகையில் ஒரு லேத்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரும்பு கடையும் ஒரு பழைய லேத் மெஷின் வந்து இறங்கியது. பௌர்ணமிக் கூட்டத்தால் லாரியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை கிரேனோடு அது எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது, என் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "இத்த எங்க நிறுத்தப் போற?"

மாட்டுக் கொட்டகையில் என்றேன். மாமனார் போன பிறகு மாடுகளை விற்றுவிட்டோம். ஆனாலும் அத்தை தினமும் அந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டுதான் இருந்தார்.

"நான் கறவை மாடு வாங்கலாம்னு இருக்கறேன். நீ இரும்பு எருமைய வாங்கியாந்திருக்கியே!"

போளூர் பக்கம் ஒரு பட்டறையில் நான் ஆறு வருடம் டர்னராக வேலை பார்த்தேன். இதே மெஷினில்தான். பட்டறையை மூடிவிட்டார்கள். மெஷின் ஓட்டைக் கூரைக்கு அடியில் இரண்டு மழைக்காலம் நனைந்து கிடந்தது. அதை எடைக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. கையில் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிவிட்டேன். ஆசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டும் என் கணவர் தடுக்கவில்லை. "ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். ஓடும் என்றேன்.

துருவை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டினேன். கியர் பெட்டியைத் திறந்தால் எண்ணெய்க்குப் பதில் சேறு. பேரிங்குகளை மாற்றினேன். த்ரீ ஃபேஸ் இணைப்பு வந்து முதல் தடவை சுவிட்ச் போட்டபோது மெஷின் எதிர்த்திசையில் சுற்றியது. இரண்டு ஒயரை இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்தப் பழைய சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் மதியம் வரைகூட நிற்கவில்லை. ஒரு இரும்புத் தண்டை மாட்டி லேசாகக் கடைந்து, இரண்டு முனையையும் அளந்து பார்த்தேன். ஒரு முனை பருத்தும் மறு முனை இளைத்தும் கேரட் மாதிரி இருந்தது. மறுபடி கடைந்தேன். மறுபடியும் கேரட்தான். இப்படிக் கடைந்த தண்டில் ஒரு பேரிங்கூட உட்காராது.

ஊருக்குள் மெஷின் பழுது பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "பெட்டு தேஞ்சி போச்சிக்கா. செலவு பண்ணாதீங்க, ஸ்கிராப்புக்குத் தள்ளிடுங்க."

கருவி நகரும் அந்த நீளமான இரும்புத் தளத்தைத்தான் பெட் என்று சொல்வோம். அது தேய்ந்தால் மெஷின் போன மாதிரிதான். ஆனால் பட்டறையில் அது நூல் பிசகாமல் கடைந்ததை என் கையே அறியும். சும்மா கிடந்த மெஷின் எப்படித் தேயும்? என்னால் நம்பவும் முடியவில்லை, அளவை மறுக்கவும் முடியவில்லை. கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும், ஒடம்ப கெடுத்துக்காத. நாளைக்கு எடைக்காரர வரச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலை அத்தை கோபமாகக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். எண்ணெய் நாற்றம் அவருக்குப் பிடிக்காது. சோப்புத் தண்ணீரை வாளியோடு சாய்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். நான் மெஷின் பக்கத்தில் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தேன். நுரை மெஷினுக்கு அடியில் புகுந்து, குறுக்கே ஓடி, பின்பக்கத்து மூலையில் போய்த் தேங்கியது.

"ஏன் அத்தே, தண்ணி அந்த மூலைக்குப் போவுது?"

"வேற எங்க போவும்? மாட்டு மூத்திரம் ஓடணும்னு உங்க மாமா அந்த மூலைய மட்டும் தாழ்த்தித்தான போட்டாரு!"

துள்ளி எழுந்தேன். மெஷினைக் கொட்டகையில் நிறுத்தியபோது நீளவாட்டில் மட்டம் பார்த்தேன். குறுக்கே ஒரு முனையில் மட்டும் பார்த்துவிட்டு, நாலு காலையும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன். பள்ளத்தில் நின்ற காலைப் போல்ட் கீழே இழுத்திருக்கிறது. துணியைப் பிழிவது போல பெட் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. தேயவே இல்லை!

அந்த போல்ட்டைத் தளர்த்தினேன். காலுக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. எடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பட்டறையில் கூட வேலை பார்த்தவரிடம் மெஷின் மட்டம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி வந்தேன். அதன் குமிழியைப் பார்த்துச் சொல்ல அத்தையைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, நான் தரையில் படுத்து அந்தக் காலுக்கு அடியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினேன்.

"அத்தே, குமிழி எங்க நிக்குது?"

"அந்தப் பக்கமே இருக்குது... இன்னும் கொஞ்சம்... அய்ய, ஜாஸ்தி பூடுச்சி, ஒண்ணு எடு!"

குமிழி நடுவுக்கு வந்தபோது அத்தை கை தட்டினார். தண்டைக் கடைந்தேன். இரண்டு முனையும் ஒரே அளவு. இன்னொரு தண்டையும் கடைந்து பார்த்தேன். அதுவும் அப்படியே.

அந்த வாரமே கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மெஷின் வைத்திருப்பவர் ஒருவர், அதன் உடைந்த ஷாஃப்ட் தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூட்டைகள் காத்துக் கிடக்கின்றன, மேகம் வேறு மூடியிருக்கிறது என்று அவருக்கு ஒரே பதற்றம். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "என் புள்ளைக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. என் மருமவதான் மெஷின் ஓட்டும். குடுத்துட்டுக் குந்துங்க."

அவர் உட்கார்ந்தார். சாயங்காலம் நான் கடைந்து கொடுத்த புது ஷாஃப்ட்டில் பேரிங்கைத் தட்டி ஏற்றிப் பார்த்தார். ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை, கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு தடவை உருட்டிப் பார்த்தவர், "உங்க நெம்பர் குடும்மா, எங்க ஊர்ல சொல்றேன்" என்றார். சொல்லவும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு வேலை இல்லாத வாரம் கம்மி.

அத்தை அதன்பிறகு மாட்டுப் பேச்சை எடுக்கவில்லை. ரேஷன் கடையில் யாராவது கேட்டால், "எங்க மெஷின்ல மட்டம் பார்த்தது நான்தான்" என்று சொல்கிறாராம்.

எடைக்குப் போக இருந்த ஒன்றை ஓட வைத்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனால், அது வேண்டவே வேண்டாம் என்று வாசலில் நின்றவர் வாயிலிருந்து "எங்க மெஷின்" என்று கேட்கும்போது வரும் பெருமை வேறு, அது மட்டும் எனக்கு இன்னும் பழகிப் போகவில்லை.