முன் சில்லின் சத்தமும் மச்சானின் சத்தியமும்

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஆறேழு வருடம் யோசித்தேன். கொப்பியை எடுப்பேன், வெட்கம் வரும், மூடிவிடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலகெதரையில் இருக்கும் என் தங்கையின் கணவர், ஒரு கலியாணத்துக்காக எங்கள் காரை இரண்டு நாள் கேட்டார். கொடுத்தேன். திரும்பிவந்த கார் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. சாவியைத் தரும்போது, "மச்சான், முன் சில்லுல ஒரு சத்தம் ஈக்கி. கொண்டுபோகக்குள்ளயே கேட்ட. ஒருக்காப் பாருங்க" என்றார்.

எனக்கு உறுத்தியது. கேட்காமல் ஏன் கழுவ வேண்டும்? முந்திக்கொண்டு ஏன் சத்தத்தைச் சொல்ல வேண்டும்?

மறுநாள் டவுனுக்கு இறங்கும்போது காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினேன். குழியில் விழும்போதெல்லாம் இடது முன் சக்கரத்துப் பக்கம் 'டொக்' என்றது. ஸ்டியரிங்கில் பிடியைத் தளர்த்தினால் கார் இடப்பக்கம் இழுத்தது. வீட்டுக்கு வந்து பொனட்டை அமுக்கி விட்டேன். வலது பக்கம் ஒருதரம் எழும்பி நின்றது. இடது பக்கம் மூன்று தரம் ஆடியது. ரிம் விளிம்பில் கீறல்கள். எங்கேயோ இடித்துவிட்டுக் கழுவி மறைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும்போது மூன்று பேரிடம் சொல்லியும் விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை தங்கையும் மச்சானும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"உண்மையச் செல்லுங்க மச்சான். எங்க இடிச்ச?"

"இடிக்கல்ல மச்சான்."

"அல்லாஹ் மேல ஆணையா?"

தங்கை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவர் என் முகத்தைப் பார்த்து, "வல்லாஹி, இடிக்கல்ல" என்றார்.

"அப்ப கழுவின என்னத்துக்கு?" என்று கேட்டேன். படைத்தவன் பெயரால் சொன்ன பிறகும் கேட்டேன்.

எழுந்து போய்விட்டார்கள். அதன்பின் தங்கை என் வாசலை மிதிக்கவில்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து காரை கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பாஸ் மடுல்கெல்லைக்காரர். எவ்வளவு அடி பட்டிருக்கிறது என்று அவர் வாயால் கேட்கத்தான் போனேன். அவர் ஜெக் போட்டு, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கீழ் ஜொயின்ட் கடகடவென்றது. டோர்ச் அடித்துக் காட்டினார்.

"இது ஒரு நாள் அடி இல்லீங்க நானா. ஷொக் எப்சோபர்ல எண்ணெ கசிஞ்சு தூசி கட்டியாப் புடிச்சிருக்கு. ரிம்முல பாருங்க, துருப்புடிச்ச கீறலுக்கு மேலயே புதுக் கீறல். தெனமும் எதுலயோ ஏத்தி எறக்குறீங்க."

"நான் மெதுவா ஓட்டுற ஆள், தம்பி."

"ஓட்டுறப்ப மெதுவுதாங்க. நிப்பாட்டுறப்ப?"

குனிந்து அந்தக் கீறல்களைப் பார்த்தேன். பள்ளிவாசல் பாதை ஒடுக்கம். மற்ற வாகனம் போகட்டும் என்று தினமும் சுபஹுத் தொழுகைக்கு இடது சில்லுகளைத் தெருவோர வடிகால் கானின் விளிம்பில் ஏற்றித்தான் நிறுத்துவேன். ஜமாஅத் தொழுகை தவறிவிடும் என்ற அவசரத்தில் இடித்துத்தான் ஏற்றுவேன். எத்தனை வருடம்!

கராஜிலிருந்து நேரே கலகெதரைக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, மாப்புக் கேட்டேன். மச்சான் சிரித்துவிட்டார்.

"உள்ளுக்கு வாங்க மச்சான். கார மட்டும் ரோட்டிலயே வைங்க, எங்கட கான் புதுசாக் கட்டின."

தங்கை சிரிக்கவில்லை. "இவர் மன்னிச்சிருவார், நானா. பள்ளியில நீங்க பேசினது எங்கட தெரு வரைக்கும் வந்தீக்கி. அந்த ஆக்களுக்கு யாரு செல்ற?"

அந்த மூவரையும் தேடிப்போய்ச் சொன்னேன். ஆனால் அவர்களிடமிருந்து அது எங்கெங்கே போனதோ, அல்லாஹ்தான் அறிவான். போன நோன்பில்கூட ஒருவர் மச்சானிடம், "மச்சான்ட கார இடிச்சீங்களாமே?" என்று கேட்டிருக்கிறார். தங்கை இன்னும் என் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை.

அதனால்தான் எழுதினேன். வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒன்றையும் குறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சத்தியம் செய்த மனிதரை நம்பாதவன் நான்தான் என்பதையும் சேர்த்து, உள்ளபடியே சொல்லுங்கள்.